பெரிபெரி: ‘ஏலலை, ஏலலை’ என்று பெயர் வைத்த நோய்

கடைத்தெருவில் உருளைக்கிழங்கு வறுவல் மேல் சிவப்பாகத் தூவித் தருகிறார்களே, அந்த ‘பெரி பெரி’ மசாலா வேறு. அது மிளகாய். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் பேசும் ஸ்வாஹிலி மொழியின் ‘பிலிபிலி’ திரிந்து வந்த பெயர் அது. இங்கே சொல்லவருவது பெரிபெரி என்ற நோய். கால்தான் முதலில் போகும். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் நடை தள்ளாடும், முற்றினால் இதயமும் தளரும். காரணம் தயமின் என்கிற வைட்டமின் பி1 பற்றாக்குறை. எங்கே அதிகம் வந்தது என்று பார்த்தால், தீட்டிய வெள்ளைச் சோறே கதி என்று இருந்த ஊர்களில்.

தமிழில் எழுதிப் படிக்கும்போது ‘பெரிய’ என்ற சொல் கண்ணில் நிழலாடும். கால் வீங்கிப் பெரிதாவதால் இந்தப் பெயரோ என்று தோன்றும். அப்படியில்லை. இது சிங்களச் சொல். சிங்களத்தில் ‘பெரி’ என்றால் முடியாது, இயலாது. முதல் எழுத்தை நம் ‘பெ’ சரியாகப் பிடிப்பதில்லை. ‘பேங்க்’ என்று சொல்லும்போது வாய் அகலுகிறதே, அந்த ஒலியைக் குறிலாகச் சொன்னால் கிட்டத்தட்ட சரி. ‘மட்ட பெரி’ என்றால் எனக்கு முடியாது. கொழும்பில் கடை வைத்திருந்தவர்களுக்கு இது தினமும் காதில் விழுந்த வாக்கு.

சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்தில் இதற்கு நேர் சொல் உண்டு: ஏலாது. ‘எந்திரிக்க ஏலலை’ என்று ஒரு அப்பத்தா சொன்னால் அது அசதி அல்ல. அசதி தூங்கி எழுந்தால் போய்விடும். சோர்வு மனசையும் சேர்த்துக்கொண்டு வரும். பலவீனம் என்பது எல்லாவற்றுக்கும் போர்த்துகிற பொதுத் துணி. காய்ச்சல் விட்டவருக்கும் அதுதான், கிழவருக்கும் அதுதான். ஏலாமை வேறு. எழ வேண்டும் என்று மனசு சொல்லும், கால் கேட்காது. ‘பெரி’ என்ற சொல் தொடுவது சரியாக இந்த இடத்தை.

ஏன் இரண்டு தடவை? சிங்களத்திலும் தமிழைப் போலவே சொல்லை அடுக்கினால் அழுத்தம் கூடும். நோயாளி ‘முடியலை, முடியலை’ என்று முனகுவதே நோய்க்குப் பெயராகிவிட்டது. அகராதிகள் பெரும்பாலும் இந்தச் சிங்கள வழியைத்தான் தருகின்றன.

இன்னொரு கதையும் உண்டு. ஜேக்கப் போன்டியஸ் என்ற டச்சு மருத்துவர் பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வேலை பார்த்து 1631-ல் அங்கேயே இறந்தார். அவர் எழுதி வைத்தது 1642-ல் அச்சாயிற்று. இந்த நோயை ஊர்க்காரர்கள் பெரிபெரி என்கிறார்கள், அதற்குச் செம்மறியாடு என்று பொருள், நோயாளிகள் முழங்கால் நடுங்கக் காலைத் தூக்கி வைத்து ஆட்டைப் போல நடப்பதால் அந்தப் பெயர் என்று அதில் இருக்கிறது. அவர் காதில் விழுந்தது மலாய் மொழியாக இருக்க வேண்டும். மலாயில் செம்மறியாடு ‘பிரி-பிரி’. ஒலி பொருந்துகிறது, நடையைப் பற்றிச் சொன்னதும் உண்மை. ஆனாலும் கேட்ட ஒலிக்கு ஏற்பப் பொருளைத் தேடி ஒட்டவைத்த கதையாகவே இது படுகிறது. இந்த நோயின் மையம் நடையின் சாயல் அல்ல, முடியாமைதான். ஜப்பானியர் வைத்த பெயர் ‘கக்கே’. கால் நோய் என்று பொருள். அவர்களும் காலைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சோறு நிறையச் சாப்பிடுகிறவருக்கே பலம் போவது எப்படி என்பதுதான் புதிதாகக் கேட்பவருக்குக் குழப்பம். சோறு உடம்புக்குள் சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும் வேலையில் நடுவே ஒரு படியில் தயமின் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் வேலை அங்கேயே நின்றுபோகும். அடுப்பு நிறைய விறகு இருந்தும் தீப்பெட்டி இல்லாத நிலை. நரம்பும் இதயமும் இந்தச் சக்தியை ஓயாமல் கேட்பவை, அதனால் அடி முதலில் அவற்றின் மேல் விழுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாவுச்சத்து கூடக் கூட தயமின் தேவையும் கூடும். ஆயிரம் கலோரிக்கு அரை மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு.

கையில் பேனாவை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். உடலுழைப்புக்காரர் ஒருவர் நாளுக்கு 400 கிராம் அரிசியைச் சோறாக்கித் தின்கிறார். அதில் சுமார் 1,400 கலோரி. அதை எரிக்க 0.7 மி.கி. தயமின் வேண்டும். நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு சுமார் 0.05 மி.கி.தான் இருக்கும். ஆக அந்த 400 கிராம் தருவது 0.2 மி.கி. அரை மில்லிகிராம் துண்டு விழுகிறது. அதுவும் அரிசியைக் கழுவுவதற்கு முந்தைய கணக்கு. அதே எடை புழுங்கலரிசியில் 100 கிராமுக்கு சுமார் 0.17 மி.கி. இருக்கும், நாலு மடங்கானால் 0.68. வடிக்கும்போது கொஞ்சம் போனாலும் தட்டுக்குப் பக்கத்தில் பருப்போ கீரையோ இருந்தால் ஈடுகட்டிவிடும். நாள் முழுவதற்கும் வளர்ந்தவருக்கு வேண்டியது 1.2 முதல் 1.4 மி.கி. உடம்பின் கையிருப்போ 25, 30 மி.கி.தான். வரவு அடியோடு நின்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே கையிருப்பு வற்றத் தொடங்கும். வைட்டமின் ஏ போல மாதக்கணக்கில் ஈரலில் சேர்த்து வைக்கிற சரக்கு அல்ல இது.

புழுங்கலில் மட்டும் அது எப்படித் தங்குகிறது? நெல்லில் தயமின் இருப்பது தவிட்டிலும் முளையிலும். பச்சை நெல்லை அப்படியே ஆலையில் கொடுத்து வெள்ளையாகத் தீட்டினால் இரண்டும் தவிட்டு மூட்டைக்குப் போய்விடும். அவித்த நெல்லில் நடப்பது வேறு. ஊறும்போது தயமின் நீரில் கரைந்து மணிக்குள்ளே இறங்குகிறது. ஆவியில் மாவுச்சத்து பசையாகி இறுகி, இறங்கியதை உள்ளேயே பூட்டிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி மணியோடு தங்கிவிடும்.

வீட்டில் நெல் அவித்த முறையைப் படிப்படியாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அண்டாவில் நெல்லைக் கொட்டி, மேலே நாலு விரல் நிற்கிற மாதிரி தண்ணீர் விட்டு, கை பொறுக்காத சூடு வந்ததும் தீயைத் தணித்து ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒன்றரை நாள் ஆகும், நடுவில் தண்ணீரை மாற்றாவிட்டால் புளித்து, சோற்றிலும் அந்த வாடை அடிக்கும். ஊறியதும் நீரை வடித்து, அடியில் கொஞ்சம் தண்ணீரை மட்டும் வைத்து, ஈரச் சாக்கால் மூடி ஆவி காட்ட வேண்டும். பதம் கண்ணுக்கே தெரியும்: உமி வாய் பிளக்கும். அப்போதே இறக்க வேண்டும். இன்னும் விட்டால் மணி வெடித்துக் குழைந்து, ஆலையில் நொய்யாகப் போகும். இரண்டாங்கட்டு முற்றத்தில் பரப்பி ஒரு வெயில் காட்டி, ஈரம் பாதி போனதும் அள்ளிக் குவித்து நிழலில் ஆறவிட்டு, மறுபடி காயப்போட வேண்டும். ஒரே மூச்சில் கடும் வெயிலில் காய்ந்த மணி உள்ளே கீறல் விட்டுத் தீட்டும்போது ஒடியும்.

இப்போது வீட்டில் நெல் அவிப்பது அரிது. கடையில் வாங்கும்போது பார்க்கலாம். பத்து மணியைக் கையில் போட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். சரியாக அவிந்த அரிசி கண்ணாடி மாதிரி ஒளி விடும். நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தால் ஊறலோ ஆவியோ குறைந்த அரிசி. ‘ஸ்டீம் அரிசி’ என்று விற்பதில் ஊறல் குறைவு. பார்க்க வெளுப்பாக இருக்கும், உதிரியாக வரும், அதை நல்ல புழுங்கலுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செறிவூட்டிய அரிசியில் கட்டாயம் சேர்ப்பது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12. பி1 அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ‘சத்து சேர்த்த அரிசிதானே’ என்று இந்த விஷயத்தில் சாய்ந்துகொள்ள முடியாது.

இந்த வித்தியாசம் முதலில் பளிச்சென்று தெரிந்தது மலாயாவில். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று ஊர் ஊராகக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் பினாங்கு, கோலாலம்பூர்க் கிட்டங்கிகளில், அதாவது கடைவீடுகளில், உட்கார்ந்து வட்டிக்கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். தகரச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதே மண்ணில் தோட்டவேலை பார்த்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. லியோனார்ட் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து, வேறுபாடு சோற்றுப்பானையில் இருக்கிறது என்றார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, வந்த தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல்.

வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905-06-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இதைச் சோதித்தார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசி, மறு பாதிக்கு இந்தியப் புழுங்கல். பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவர்கூட இறக்கவில்லை. கட்டடத்தில் ஏதாவது கிருமி இருக்குமோ என்று நடுவில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் அரிசியைத்தான் பின்தொடர்ந்தது.

ஜாவாவில் அதற்கு முன்பே கிறிஸ்டியான் அய்க்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து இதே இடத்துக்கு வந்திருந்தார். ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் மடங்கியது. புதிதாக வந்த சமையற்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்திவிட, தீட்டாத அரிசி தின்று அவை எழுந்து நடந்தன. பிறகு சிறைகளில் எடுத்த கணக்கில், தீட்டிய அரிசி போட்ட இடங்களில் 39 பேருக்கு ஒருவர், தீட்டாதது போட்ட இடங்களில் சுமார் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்று நோய் இருந்தது. அய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1926-ல், அதுவும் ஜாவாவில்தான். அதன் அமைப்பைக் கண்டு 1936-ல் ஆய்வகத்தில் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்.

அதே மாகாணத்துக்குள்ளேயே கூட இந்தக் கோடு தெரிந்தது. வடக்கே விசாகப்பட்டினம் பக்கத்துக் கரையோரத்தில் பச்சரிசிச் சோறு, அங்கே பெரிபெரி இருந்தது. தெற்கே புழுங்கல் பொங்கிய தமிழ் மாவட்டங்களில் அது கால் ஊன்றவில்லை. செட்டிநாட்டு வீட்டிலும் பச்சரிசி வெள்ளைப் பணியாரத்துக்கும் இடியாப்பத்துக்கும்தான், அன்றாட உலைக்குப் புழுங்கல்தான். யாரும் வைட்டமின் தெரிந்து செய்த ஏற்பாடு அல்ல. பூச்சி அண்டாது, உடையாது, வயிறு தாங்கும் என்ற காரணங்கள் போதுமாக இருந்தன.

ஆனால் அரிசி சரியாக இருந்தும் அடுப்படியில் கோட்டைவிடலாம். பச்சரிசியை நாலு தண்ணீர் அலசினால் மிஞ்சியிருந்த தயமினில் பாதிகூடப் போகக்கூடும். அது கழுநீர்த் தொட்டிக்குப் போய் மாட்டுக்குச் சேரும், மாட்டுக்கு நல்லது. புழுங்கலில் இந்த இழப்பு குறைவு. இரண்டு தண்ணீர் போதும். கஞ்சி வடித்தால் அதோடும் ஒரு பங்கு போகும். அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடிக்கிற வழக்கத்தை விட்டது நஷ்டம்தான். பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பச்சோடா போடுவது இருக்கிறதே, அதுதான் மோசம். காரம் சேர்ந்தால் தயமின் சூட்டில் சிதைந்துவிடும். சாப்பாட்டோடு சாப்பாடாகக் கடுங்காப்பி, கடுந்தேநீர் குடிப்பதும், ஓயாமல் வெற்றிலை பாக்கு போடுவதும் உள்ளே வந்த தயமினைக் கெடுக்கும். எல்லாம் வேண்டாம் என்றில்லை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் போதும்.

கவுனியரிசி இந்த விஷயத்தில் தானாகவே சரியாக அமைந்த பண்டம். தவிடு போகாத கருப்பரிசி. ராத்திரி ஊறவைத்து, நிறம் போய்விடக் கூடாதே என்று ஊறின தண்ணீரிலேயே வேகவைக்கிறார்கள். நிறத்துக்காகச் செய்வதில் தயமினும் தங்கிவிடுகிறது. ஆனால் விசேஷத்துக்கு ஒரு கரண்டி கவுனி தின்பதை நம்பி இருக்க முடியாது. அன்றாடத்துக்கு உளுந்து, பாசிப்பருப்பு, வேர்க்கடலைதான் நல்ல துணை. காய்ந்த வேர்க்கடலைப் பருப்பில் 100 கிராமுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆடிக்குக் கிண்டுகிற கும்மாயம் என்ற இனிப்பில் உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்கின்றன. ஆடிக்கு மட்டும் கிண்டாமல் மாதம் இரண்டு முறை கிண்டலாம்.

நோயின் அடையாளங்களைச் சொல்லும்போது இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். உலர் பெரிபெரியில் நரம்பு பாதிக்கிறது: பாதம் எரியும், மரக்கும், செருப்பு கழன்றது தெரியாது, பாதத்தின் முன்பக்கம் தொங்கிப்போவதால் காலை உயர்த்தி உயர்த்தி வைத்து நடப்பார்கள். போன்டியஸ் பார்த்த ஆட்டு நடை இதுதான். ஈர பெரிபெரியில் இதயம் பாதிக்கிறது: காலில் நீர் கோக்கும், படபடக்கும், படுத்தால் மூச்சு முட்டும். இரண்டும் சேர்ந்தும் வரும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. சுவருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்காரச் சொல்லி, ‘கையை ஊன்டாம எந்திரிங்க அப்பத்தா’ என்று சொல்லிப் பார்ப்பது. விழுந்துவிடாமல் பிடிக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூட்டுவலிக்காரர் பாதி எழும்போது முகத்தைச் சுளிப்பார், ‘வலிக்குது’ என்பார். தொடைத் தசையில் பலம் போனவர் சுளிக்கமாட்டார். கையை முழங்காலில் ஊன்றி, உடம்பின் மேல் தானே ஏறுகிற மாதிரி எழுவார், அல்லது அப்படியே உட்கார்ந்துவிட்டு ‘ஏலலைப்பா’ என்பார். கெண்டைக்கால் சதையை மெல்ல அமுக்கினால் வலி எடுக்கிறதா என்றும் பார்க்கலாம். முன்காலெலும்பின் மேல் கட்டைவிரலை எட்டு பத்து விநாடி அழுத்தி எடுத்தால் பள்ளம் நின்றுபோனால் நீர் கோத்திருக்கிறது.

இவை பெரிபெரிக்கு மட்டும் உரியவை அல்ல. பாத எரிச்சலும் மரப்பும் சர்க்கரை நோயில் மிகச் சாதாரணம். நீர்க்கோவைக்குச் சிறுநீரகம், இரத்தசோகை, வேறு இதய நோய் எல்லாம் காரணமாகலாம். அதனால் சோதித்துவிட்டு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நிறுத்திக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது கடந்த இரண்டு மாதத்தில் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்பதைச் சொல்வதுதான் பெரிய உதவி. மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் இன்று இது வருகிற ஆட்கள் வேறு. பல வருடக் குடிகாரர்கள் முதலிடம்: சாப்பாடும் குறைவு, குடல் தயமினை உறிஞ்சுவதும் குறைவு. அவர்களில் சிலருக்கு மூளையும் சேர்ந்து பாதித்து, கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும், பேச்சு குழம்பும், ‘போதை இறங்கலை’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். கர்ப்பத்தில் வாரக்கணக்காக வாந்தி எடுப்பவர்கள், எடை குறைக்கும் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், நீர் இறங்க மாத்திரையை நெடுநாள் சாப்பிடும் இதய நோயாளிகள், பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக ரசமும் மோருமாக வெள்ளைச் சோறு தின்று நாளை ஓட்டும் முதியவர்கள் எல்லாரும் இந்த வரிசையில் வருவார்கள். பெரிய வீடுகளில் ஒற்றை ஆளாக இருக்கும் ஆச்சிகளை இந்தக் கடைசி வரியில் நினைத்துக்கொள்ளலாம்.

சட்டென்று ஆபத்தாவது கைக்குழந்தைக்கு. பிரசவப் பத்தியம் என்று பருப்பையும் காயையும் ஒதுக்கி, வாரக்கணக்கில் பச்சரிசிச் சோறும் மிளகுநீருமாக இருக்கும் தாயின் பாலில் தயமின் குறையும். தாய்க்கு ஒன்றும் வெளியே தெரியாமல் இருக்கலாம். இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்க மறுக்கும், வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும். ஒரு குறிப்பான அடையாளம்: குழந்தை அழுகிற மாதிரி வாயைத் திறக்கும், குரல் கம்மும் அல்லது வரவே வராது. அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்று இருந்தால் இதயம் நின்றுவிடக்கூடும்.

சிகிச்சை எளிது, வேகம்தான் முக்கியம். கடுமையான நிலையில் தயமினை ஊசியாகப் போடுவார்கள். ஈர பெரிபெரிக்காரருக்கு ஒன்றிரண்டு நாளிலேயே மூச்சு சீராகி, நீர் வடியத் தொடங்கும். பார்ப்பவருக்கு அதிசயமாக இருக்கும். நரம்பு அப்படித் திரும்பாது. தொங்கின பாதம் நேராக வாரங்களும் மாதங்களும் ஆகும், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகும். கடைசியாக ஒரு எச்சரிக்கை: நெடுநாள் சாப்பிடாதவரையோ குடிகாரரையோ ‘தெம்பில்லை, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கொண்டுபோய் நிறுத்துகிறோம். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சமிருந்த கொஞ்சத்தையும் அது செலவழித்து மூளைப் பாதிப்பைக் கிளப்பிவிடக்கூடும். தயமின் ஊசி முதலில், அல்லது இரண்டும் சேர்ந்து. பாட்டிலைத் தொங்கவிடும் முன், ‘இவர் பல நாளாகச் சாப்பிடவில்லை, பி1 போட வேண்டுமா’ என்று கேட்டுவிடலாம்.